யார் தேர்ந்தெடுத்த மேயர்?

மைக் மெக்லஸ்கியைத் தேடி வருகிறவர்கள் பெரிய வரம் எதையும் கேட்பதில்லை. உள்ளே இருக்கும் மகன்மேல் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அண்ணனை வேறு பிளாக்குக்கு மாற்றித் தர வேண்டும்; இப்படித்தான் இருக்கும் கோரிக்கை. மைக் ஒரு சிறைக் காவலரைப் பார்க்கிறார். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கும்பல் தலைவனிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். போலீசில் இருக்கும் தம்பிக்குத் தகவல் போகிறது. காரியம் முடிந்துவிடுகிறது. பதவியோ வக்கீல் பட்டமோ இல்லாத, ஒருகாலத்தில் தானே கைதியாக இருந்த இந்த மனிதரைத்தான் ஊர் மேயர் என்கிறது. நாம் கட்டப்பஞ்சாயத்து என்போம்.

மைக்கை நாயகனாக வைத்து டெய்லர் ஷெரிடனும் ஹியூ டிலனும் உருவாக்கிய ‘மேயர் ஆஃப் கிங்ஸ்டவுன்’ தொடர் 2021 நவம்பரில் பாரமவுண்ட் பிளஸ் தளத்தில் வெளிவந்தது. நான்காவது சீசன் 2025 அக்டோபரில் தொடங்கியது. விமர்சகர்கள் முதல் சீசனை இருண்டது, மூச்சு முட்டுகிறது என்று ஒதுக்கினார்கள், பார்வையாளர்கள் விடவில்லை. இந்தச் சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. தொடர் பகுதிக்குப் பகுதி ஒரு வாதத்தை முன்வைக்கிறது: இந்த ஆள் இல்லாவிட்டால் ஊர் இதைவிட மோசமாகப் போயிருக்கும். இந்த வாதம் நிற்குமா? தொடரின் தரமும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் போய் முடிகிறது.

முதலில் தொடருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடலாம். சிறைக்குள் அதிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு சரியாகப் பிடித்த தொலைக்காட்சித் தொடர்கள் குறைவு. சமூகவியலாளர் கிரெஷம் சைக்ஸ், நியூ ஜெர்சியின் டிரென்டன் சிறையை ஆராய்ந்து 1958இல் எழுதிய நூலில் ஒரு அடிப்படை உண்மையைச் சொன்னார்: துப்பாக்கியும் பூட்டும் காவலர் கையில் இருந்தாலும், கைதிகள் ஒத்துழைக்காமல் ஒரு நாள் பொழுதைக்கூட அவர்களால் ஓட்ட முடியாது. அதனால் சின்ன விதிமீறல்களைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அதற்கு விலையாக அமைதியை வாங்கிக்கொள்கிறார்கள். டேவிட் ஸ்கார்பெக் 2014இல் கலிஃபோர்னியாவைப் பற்றி எழுதியபோது மறுபாதி தெரிந்தது. சிறைக்குள் உட்கார்ந்திருக்கும் கும்பல், வெளியே தெருவில் போதைப்பொருள் விற்பவனிடம் எப்படி வரி வசூலிக்கிறது? அவன் என்றாவது ஒருநாள் உள்ளே வந்தே தீருவான். அன்றைக்கு அவன் உயிர் யார் கையில் இருக்கும் என்பது அவனுக்கே தெரியும்.

கிங்ஸ்டவுன் இந்த இரண்டு விதிகளின்மேல் கட்டப்பட்ட ஊர். மைக்கின் செல்வாக்குக்கு வேர் அவருடைய துணிச்சலில் இல்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே ஒரு உறவோ, உள்ளே வேலை பார்க்கும் ஒரு உறவோ இருப்பதில் இருக்கிறது. வெளியே ஒருவனை அடித்தால் உள்ளே ஒருவன் சாவான். இந்தக் கணக்கை எல்லாரும் அறிந்திருக்கிற ஊரில், கணக்கைச் சொல்லிக் காட்ட ஒருவர் தேவைப்படுகிறார். முதல் பகுதியிலேயே அண்ணன் மிட்ச் கொல்லப்பட்டு, ஊரைவிட்டுப் போய்விட நினைத்துக்கொண்டிருந்த மைக்கின் தலையில் அண்ணனின் தொழில் விழுகிறது. நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்க முடியாது என்பதைத் தொடர் பேச்சில் சொல்லாமல் காட்சியில் காட்டிவிடுகிறது.

ஆனால் ஒரு கேள்வியை அது தொடுவதே இல்லை. தரகருக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? இரண்டு தரப்பும் நேரே பேசிக்கொள்ளாததிலிருந்து. டோபி பாம்டெஃபா நடிக்கும் கும்பல் தலைவன் பன்னி, தன் ஆட்களின் கோபத்தையும் பயத்தையும் வரவு செலவையும் மைக்கைவிட நன்றாக அறிந்தவன். பேரம் பேசுவதிலும் கெட்டிக்காரன். தொடரிலேயே சிறந்த நடிப்பும் அவருடையதுதான். மைக்காக நடிக்கும் ரென்னர் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கும் இடங்களில் பாம்டெஃபா ஒரு சிரிப்பில் காட்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அப்படிப்பட்ட கறுப்பினத் தலைவனோடு போலீஸ் உட்கார்ந்து பேசாது. நடுவில் ஒரு வெள்ளைக்காரர் போய்வர வேண்டும். இந்த ஏற்பாடு நிலைப்பதில் மைக்குக்கு ஆதாயம் உண்டு. தானில்லாமல் இரு தரப்பும் பேசிக்கொள்ள ஒரு நிரந்தர வழியை உண்டாக்கிவிட்டு விலகலாம் என்ற எண்ணம் அவருக்கு வருவதில்லை. தொடருக்கும் வருவதில்லை. தரகரின் நல்ல மனதை நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். தரகுத் தொழிலின் நலன் எது என்பதைக் கேட்பதில்லை.

மேயர் என்ற பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கைதிகள் சிறை இருக்கும் ஊரின் குடிகளாகவே எண்ணப்படுகிறார்கள். தொடரின் கதை நடக்கும் மிச்சிகனில் தண்டனை அனுபவிக்கும் கைதிக்கு வாக்குரிமை கிடையாது. குடிகளில் ஒரு பெரும் பகுதி வாக்கே இல்லாமல் கிடக்கும் ஊருக்கு, யாரும் தேர்ந்தெடுக்காத மேயர். எவ்வளவு கூர்மையான அரசியல் கிண்டல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது! தொடர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

இனி வரலாறு. கிங்ஸ்டவுன் கற்பனை ஊர் என்றாலும் அதற்கு ஒரு மூலம் உண்டு. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரும், அதில் துப்பறிவாளர் இயானாக நடிப்பவருமான ஹியூ டிலன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கிங்ஸ்டனில் வளர்ந்தவர். 1835இல் திறந்து 2013இல் மூடப்பட்ட கிங்ஸ்டன் சிறை, ஏரிக்கரையில் ஊரோடு ஒட்டி நிற்கிறது. முதல் சீசனின் சில காட்சிகளை அங்கேயே எடுத்தார்கள். அந்தச் சிறையில் 1971 ஏப்ரலில் ஒரு கலகம் நடந்தது. கைதிகள் ஆறு காவலர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வக்கீல், பத்திரிகையாளர், பேராசிரியர் என்று வெளியாட்கள் அடங்கிய ஒரு குழு உள்ளே போய்ப் பேசியது. வெளியே ராணுவம் நின்றது. நான்கு நாள் கழித்து ஆறு காவலர்களும் உயிரோடு வெளியே வந்தார்கள். கைதிகளில் இருவர் சக கைதிகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஆகவே இதை வெற்றிக்கதையாக்க வேண்டாம்.

ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் நம் விவாதத்துக்கு வேண்டியது. விசாரணை ஆணையம் அமைந்தது. 1973இல் கைதிகளின் புகார்களைக் கேட்டு விசாரிக்க, சிறைத்துறைக்கு வெளியே ஒரு தனி அலுவலகத்தைக் கனடா அரசு தொடங்கியது. 1992இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. கைதிக்கும் காவலருக்கும் நடுவில் நிற்க ஒருவர் வேண்டும் என்பதை டிலனின் ஊரும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஆளுக்குப் பெயர்ப்பலகை வைத்து, அறிக்கை எழுத வைத்து, கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் உட்கார வைத்தது. அந்த அலுவலகம் சிறைகளைச் சொர்க்கமாக்கிவிடவில்லை. என்றாலும், கிங்ஸ்டனின் கல்மதிலை எடுத்துக்கொண்ட தொடர், கிங்ஸ்டன் கண்டுபிடித்த விடையை எல்லைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு மிச்சிகனுக்கு வந்துவிட்டது. ‘வேறு வழியே இல்லை’ என்ற வாதம் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடுகிறது.

மைக்கின் பக்கம் நின்று ஒருவர் அட்டிகாவைக் காட்டலாம். காட்டவும் வேண்டும், அதுதான் எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி. கிங்ஸ்டன் கலகத்துக்கு ஐந்து மாதம் கழித்து, 1971 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையைக் கைதிகள் கைப்பற்றினார்கள். அங்கேயும் மத்தியஸ்தர்கள் இருந்தார்கள்: பத்திரிகையாளர் டாம் விக்கர், வக்கீல் வில்லியம் குன்ஸ்லர் முதலிய பெயர் பெற்றவர்கள். சிறைத்துறை ஆணையர் ரஸ்ஸல் ஆஸ்வால்ட் 28 கோரிக்கைகளை ஏற்கவும் செய்தார். கலகத்துக்காக வழக்குப் போடக்கூடாது என்ற கோரிக்கையில் பேச்சு முறிந்தது. நேரில் வரும்படி மத்தியஸ்தர்கள் கெஞ்சியும் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை மாநிலப் படை சுட்டுக்கொண்டே நுழைந்தது. அந்தத் தாக்குதலில் 39 பேர் செத்தார்கள், 10 பணயக் கைதிகள் உட்பட. கைதிகள் அவர்களுடைய கழுத்தை அறுத்துவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். உடற்கூறாய்வில் போலீஸ் தோட்டா கிடைத்தது. பெயர்ப்பலகை வைத்த கனவான்களால் ஆனது இவ்வளவுதானே, ஒரு மைக் இருந்திருந்தால் இத்தனை பிணம் விழுந்திருக்குமா என்று கேட்கலாம்.

இதற்கு மிச்சிகனே பதில் வைத்திருக்கிறது. 1952 ஏப்ரலில் ஜாக்சன் சிறையில் கலகம். அப்போது உலகிலேயே பெரிய மதில் சூழ்ந்த சிறை என்று பெயர் பெற்றிருந்த இடம். உளவியல் படித்த துணைக் கண்காணிப்பாளர் வெர்னான் ஃபாக்ஸ், கலகத் தலைவன் ஏர்ல் வார்டோடு பேசிப் பேசி உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். ஆளுநர் மென்னன் வில்லியம்ஸ் கோரிக்கைகளை ஏற்றார். பணயமாக இருந்த காவலர்கள் உயிரோடு திரும்பினார்கள். கலகம் முடிந்ததும் கைதிகளுக்கு மாட்டிறைச்சி ஸ்டேக்கும் ஐஸ்கிரீமும் போட்டார்கள் என்பது அந்தக் கதையின் விசித்திரமான பின்குறிப்பு. கைதிகளைப் பகிரங்கமாகப் பாராட்டிய ஃபாக்ஸின் வேலை போயிற்று. பிற்காலத்தில் அவர் ஃப்ளோரிடாவில் குற்றவியல் பேராசிரியரானார்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விக்கருக்கும் குன்ஸ்லருக்கும் திறமை குறைவில்லை; அவர்களுக்குப் பின்னால் நின்ற ஆளுநர் கை கொடுக்கவில்லை. ஃபாக்ஸ் மந்திரவாதி இல்லை. அவர் கொடுத்த வாக்கில் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். நடுவில் நிற்பவர் யார் என்பதைவிட, அவர் சொல்லை அரசு காப்பாற்றுமா என்பதே உயிர்களைத் தீர்மானித்திருக்கிறது. அட்டிகாவுக்கு மைக் போயிருந்தாலும் ராக்ஃபெல்லர் வந்திருக்க மாட்டார்.

இந்த உண்மையைத் தொடர் ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் சந்திக்கிறது, இரண்டாம் சீசனில். முதல் சீசனின் முடிவில் கலகம் சிறையைச் சூறையாடிவிட்டது. உள்ளே ஒழுங்கு செய்யத் தலைவர்கள் இல்லை. வெளியே இருக்கும் பன்னி உள்ளிட்ட கும்பல் தலைவர்கள் தாங்களாகவே சிறைக்குப் போய் ஒழுங்கை மீட்டுத் தர வேண்டும், சீக்கிரமே விட்டுவிடுவார்கள் என்று மைக் வாக்குக் கொடுக்கிறார். அவர்கள் நம்பிப் போகிறார்கள். ஆனால் அரசு வழக்கறிஞர் எவலின் ஃபோலியின் மேசையில் விடுதலை இழுபடுகிறது. மைக்கின் ஒரே முதல் அவருடைய வாய்ச்சொல். அது அவர் கையில் இல்லை, அந்த அலுவலக மேசையில் இருக்கிறது என்று தெரியும்போது இந்த மேயரின் முழு வெறுமையும் வெளியே வருகிறது. அரசுக்கு அவர் எவ்வளவு வசதி பாருங்கள்: காரியம் நடந்தால் அமைதி, கெட்டால் ‘அப்படி ஒரு ஆளே எங்களுக்குத் தெரியாது’. இந்த இழையைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால் இது பெரிய படைப்பாகியிருக்கும். எவலினின் அலுவலகத்தை மையமாக வைத்த நான்கு பகுதிகள், பத்துத் துப்பாக்கிச் சண்டைகளுக்குச் சமம்.

போகவில்லை. மூன்றாம் சீசனில் ரஷ்ய மாஃபியா வருகிறது, பழைய வெள்ளையினவாதக் கைதித் தலைவன் வருகிறான், காரில் குண்டு, தெருவில் சண்டை. ஏய்டன் கில்லன் நடித்த வில்லன் மைலோவின் காலத்திலேயே தெரிந்த நோய் இது. அமைப்பைக் காட்டுவது கடினமாகும்போதெல்லாம் ஒரு வில்லனைக் கொண்டுவந்து நிறுத்துவது. வில்லனைச் சுடலாம், சிறை நிர்வாகத்தைச் சுட முடியாதே.

பெண்களைத் தொடர் நடத்தும் விதத்தைப் பற்றி என்னிடம் நீண்ட வாதம் இல்லை. மைலோ அனுப்பும் ஐரிஸ் என்ற இளம்பெண்ணின் வதையை முதல் சீசன் காட்டிய அளவுக்குக் காட்ட எந்தக் கலைக் காரணமும் கிடையாது. டயேன் வீஸ்ட் நடித்த தாய் மரியம் வேறு வகை இழப்பு. பெண் கைதிகளுக்கு அமெரிக்க வரலாற்றின் கறைகளைப் பாடம் நடத்துபவர். மகன்களின் தொழிலை ஏற்காதவர். வீட்டுக்குள்ளேயே இருந்த அந்த எதிர்க்கட்சியை மகனோடு ஒரு முழு விவாதத்தில் மோதவிடாமல், வகுப்பறையில் பேசவைத்தே தீர்த்துவிட்டார்கள். மூன்றாம் சீசன் தொடங்கும்போது அவர் உயிரோடு இல்லை.

நான்காம் சீசன் தற்செயலாகவோ தெரிந்தோ பழைய இழைக்குத் திரும்புகிறது. தம்பி கைல் இப்போது கைதி. எடி ஃபால்கோ நடிக்கும் புதிய சிறைக் கண்காணிப்பாளர் நினா ஹாப்ஸ், மைக்கின் கை உள்ளே நீள்வதை விரும்பாதவர். முதல் பகுதியிலிருந்து மைக்கிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்ற தாய்மார்களின் இடத்துக்கு மைக்கே வந்துவிட்டார். ஸ்கார்பெக் சொன்ன விதி இப்போது தரகரின் சொந்த ரத்தத்தைப் பிடித்திருக்கிறது. மூன்று சீசன்களாக வராத ஒரு பதற்றம் சில காட்சிகளில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் தீர்ப்பு இது. சிறை ஊரின் இயக்கத்தை விளக்குவதில் ‘மேயர் ஆஃப் கிங்ஸ்டவுன்’ தேர்ந்த படைப்பு. அந்த இயக்கத்தை நியாயப்படுத்தத் தொடங்கும்போது அது தோற்கிறது; மைக்கின் களைத்த முகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவரை வேலைக்கு வைத்திருக்கும் அரசைக் கூண்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. முதல் சீசனின் கலகப் பகுதிகளுக்காகவும் இரண்டாம் சீசனின் அந்த முறிந்த வாக்குறுதிக்காகவும் இதைப் பார்க்கலாம். மூன்றாவதைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இழப்பு அதிகமில்லை. நான்காவதில் கைல் சிறையில் இருக்கும் காட்சிகளை மட்டும் விட்டுவிட வேண்டாம்.