மித்தோமா: துணுக்குகளுக்கு வெளியே ஓர் ஆட்டக்காரர்

ஜப்பானின் கால்பந்து வீரர் கவோரு மித்தோமாவை உலகெங்கும் பலர் அறிந்திருப்பது கைப்பேசியில் சில நொடிகள் ஓடும் துணுக்குகள் வழியாகத்தான். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக எல்லைக்கோட்டில் எட்டித் திருப்பிவிட்ட பந்து, இங்கிலாந்தின் பிரைட்டன் அணிக்காக 2023 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலை வெளியேற்றிய கடைசி நிமிடக் கோல், 2025 பிப்ரவரியில் செல்சிக்கு எதிராக நெடுந்தூரம் பறந்து வந்த பந்தை ஒரே தொடுதலில் அடக்கி அடித்த கோல் ஆகியவை அவருடைய இணையப் புகழின் தூண்கள். இந்தப் புகழுக்கு அவர் தகுதியானவரே. ஆனால் எதற்காகப் புகழப்பட வேண்டுமோ அதில் பாதியை இந்தத் துணுக்குகள் காட்டுவதே இல்லை.

துணுக்குகளின் பலத்துக்கு ஸ்பெயின் ஆட்டமே சான்று. பக்கவாட்டுக் காட்சியில் பந்து முழுவதும் வெளியே போய்விட்டதாகவே தோன்றியது. மேலிருந்து எடுத்த படமோ பந்தின் விளிம்பு கோட்டின் மேல் இருந்ததைக் காட்டியது. அந்தப் பந்திலிருந்து பிறந்த ஆவோ தனாகாவின் கோல் நின்றது; ஜப்பான் 2-1 என வென்றது; அதே பிரிவில் இருந்த ஜெர்மனி வெளியேறியது. நடுவர்களின் முடிவுக்கான ஆதாரத்தைச் சாதாரண ரசிகரிடமும் கொண்டு சேர்த்தது இணையம். ஆயினும், ஒரே கோணத்தை நம்பினால் ஏமாறுவோம் என்பதையும் அதே நிகழ்வு காட்டிவிட்டது. துணுக்கு என்பதே ஒற்றைக் கோணம்தான்.

அன்று இரண்டாம் பாதியில் சக வீரர் நகதோமோவுக்கு மாற்றாக இறங்கிய மித்தோமா, இடப்புறத்தில் தாக்குதலோடு தடுப்புப் பொறுப்பையும் சுமந்தார். அந்த உழைப்பு துணுக்காவதில்லை. நான்கு நாள் கழித்துக் குரோஷியாவுடனான பெனால்டி மோதலில் அவர் அடித்த பந்தைக் கோல்காப்பாளர் லிவாகோவிச் தடுத்ததும் அவ்வளவாகப் பகிரப்படுவதில்லை. அவர் கடந்து வந்த பாதையும் துணுக்குகளில் வராது. ஜப்பானின் கவாசாகி ஃபிரான்டாலே அணி அளித்த தொழில்முறை வாய்ப்பை ஒத்திவைத்து சுகுபா பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் அவர். அங்கே அணித் தோழர்களின் தலையில் கேமரா பொருத்தி, அவர்கள் பார்வை எங்கே செல்கிறது என்று ஆராய்ந்தார். பந்து காலுக்கு வருமுன் கண் செய்யும் வேலையை ஆராய்ந்தவரை, பந்து வந்த பிறகு தொடங்கும் துணுக்குகளை வைத்து மதிப்பிடுகிறோம்.

செய்தித்தாள் படங்களும் தொலைக்காட்சித் தொகுப்புகளும் முன்பும் இதைத்தானே செய்தன என்று கேட்கலாம். செய்தன, ஆனால் அவற்றோடு ஆட்ட விவரமும் விமர்சனமும் சேர்ந்து வந்தன. இன்று எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதையே அல்காரிதம் மீண்டும் முன்னே நிறுத்துகிறது. துணுக்கு இல்லாவிட்டால் பிரைட்டன் அணியின் ஆட்டத்தைத் தொலைதூர ரசிகர் திரும்பிப் பார்த்திருப்பாரா என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த அளவில் துணுக்கை ஓர் அழைப்பாக ஏற்கலாம். தீர்ப்பாக ஏற்க முடியாது. மித்தோமாவைப் பாராட்டவோ குறைசொல்லவோ விரும்புபவர், அவருடைய ஒரு முழு ஆட்டத்தையாவது தொண்ணூறு நிமிடமும் பார்த்துவிட்டுப் பேசட்டும்.