நியமனப் படிவமும் சுயமரியாதைத் திருமணமும்: தன்பாலினத் திருமண விவாதத்தை வடசென்னையிலிருந்து வாசித்தல்

தன்பாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்னும் கோரிக்கையை ‘நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து’ என ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வருணித்தது. அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் வெளிவந்த தீர்ப்பில் தலைமை நீதிபதி சந்திரசூட் இவ்வருணனையை விரிவாக மறுத்தார். எனினும் தமிழ்ச் சூழலில் இவ்விவாதம் பெரிதும் பண்பாடு, அடையாளம் என்னும் இரு சொற்களையே சுற்றி வருகிறது. கூலி, வாரிசு, பணிப்பயன் ஆகியவை அதன் ஓரத்தில்கூட இடம்பெறுவது அரிது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை விரியும் துறைமுக, ஆலைப் பகுதியிலிருந்து நோக்கினால் இக்குறை துலங்கும். நெடுங்காலம் நடைமுறையிலிருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, குடும்பம் உடைய தொழிலாளி அக்குடும்பத்தாரையே நியமனதாரராகக் குறிப்பிட வேண்டும். பிறருக்கு ஆதரவான நியமனம் செல்லாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவ்விதியைக் கைவிடவில்லை. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதித் திட்டமும் இதே போக்கினது. சார்ந்து வாழும் பெற்றோரும் ‘குடும்பம்’ என்பதனுள் அடங்குவர். ஆகவே திருவொற்றியூர் ஆலையொன்றில் பணிபுரியும் ஒருவர், முதிய தாயைப் பேணிக்கொண்டே தம் பாலினத் துணையுடன் இருபதாண்டுகள் வாழ்ந்திருப்பினும், அத்துணையின் பெயரைப் படிவத்தில் எழுத இயலாது. நிர்வாகம் இசைந்தாலும் பயனில்லை. (ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அப்படிவமே வாய்ப்பதில்லை என்பது தனியே எழுதத்தக்கது.) இதில் மேட்டுக்குடித்தன்மை எங்கே உள்ளது?

2024இல் ஒன்றிய அரசு சில விளக்கங்களை வெளியிட்டது. தன்பாலினத் துணையர் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நியமிக்கவும் தடையில்லை. குடும்ப அட்டைக்கு அவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம். இவை பயனுள்ளவையே. ஆனால் உழைப்பின் ஈட்டமாகிய பணிப்பயன்களை இவை தொடவில்லை.

சுப்ரியோ தீர்ப்பில் பெரும்பான்மைக் கருத்தை எழுதிய நீதிபதி இரவீந்திர பட், திருமணம் அரசுக்கு முந்தைய சமூக நிறுவனம் என்றும், புதிய சட்டநிலை ஒன்றை நீதிமன்றம் படைத்தளிக்க இயலாது என்றும் வாதிடுகிறார். தமிழக வரலாறு இவ்வாதத்தின் முதற்பகுதியைச் சிக்கலாக்குகிறது. சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் ஏற்கவில்லை. ஊரும் உறவும் கணவன் மனைவி என அறிந்தவர்கள் சட்டத்தின்முன் அவ்வாறு நிற்க இயலவில்லை. 1967இல் தமிழகச் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த திருமணங்களுக்கும் செல்லுபடி வழங்கிற்று. சமூகத்தின் ஒரு பகுதியினர் வாழ்ந்து காட்டிய உறவுக்கு அரசே பின்னர் வந்து சட்டநிலை தந்தது. சுப்ரியோ தீர்ப்புக்கு ஏழு வாரங்களுக்கு முன், 2023 ஆகஸ்ட் 28 அன்று, இளவரசன் வழக்கில் சுயமரியாதைத் திருமணத்திற்குப் பொது அறிவிப்போ விழாவோ கட்டாயமில்லை என்று கூறிய அமர்விலும் இரவீந்திர பட் இருந்தார். மண இணையர் தேர்வின் தன்னுரிமையை அங்கு அவ்வளவு உயர்த்திப் பிடித்த எழுத்து, இங்கு நிறுவனத்தின் தொன்மைக்குள் ஒதுங்குகிறது.

எனினும் வாதத்தின் இரண்டாம் பகுதியை எளிதில் தள்ள இயலாது. 7ஏவைத் தந்தது நீதிமன்றமன்று, சட்டமன்றம். அப்பிரிவின் வரம்பும் கவனத்திற்குரியது. எந்த இரு இந்துக்களுக்கிடையிலான திருமணம் என்று தொடங்கும் அது, உறுதிமொழியில் மனைவி, கணவன் என்னும் சொற்களுக்குத் திரும்பிவிடுகிறது. இராயபுரத்துக் கிறித்தவ மீனவர்க்கு அதுவுமில்லை. அவர்கள் நாடக்கூடியவற்றுள் ஒன்று 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். சுப்ரியோ வழக்கில் விரித்துப் பொருள்கொள்ள மறுக்கப்பட்டதும் அச்சட்டமே.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று எனக் கூறி, ‘தேர்ந்துகொண்ட குடும்பம்’ என்னும் கருத்தை ஏற்றது. தன் துணையுடன் செல்ல விரும்பிய இளம்பெண்ணுக்கு அத்தீர்ப்பு விடுதலை அளித்தது. ஆனால் பணிப்பயன் சட்டங்களில் ‘குடும்பம்’ என்பதன் வரையறை மாறவில்லை. 2023 நவம்பரில் அந்நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பரிந்துரைத்த குடும்ப இணைவு ஆவணமும், சட்டவலு பெறாதவரை, வைப்புநிதி அலுவலரைக் கட்டுப்படுத்தாது. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். 1967இல் நிறைவேறிப் பின்னர்க் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற திருத்தத்தைப் போன்ற ஒன்றை இன்றும் சென்னைச் சட்டமன்றம் முன்னெடுக்கலாம். 2023 தீர்ப்பு அதற்குத் தடையாக இல்லை.