பண்டாரம் வசவுச் சொல்லா?

ஆசிரிய நண்பர்களே, எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே, பயிற்சி நூல்களில் வரும் ஒத்தசொல் பட்டியல்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பூசாரி, குருக்கள், பண்டாரம், சாமியார் என நான்கையும் ஒரே வரியில் போட்டு, ஒரே பொருள் என்று முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. அந்தத் தப்பில் நானும் விழுந்தவன்தான்.

கரங்கான் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் திருவிழாக் கட்டுரையில், பண்டாரம் தீபாராதனை காட்டினார் என்று எழுதியிருந்தான். இது வசவுச் சொல்லாச்சே என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டேன். “சார், எங்க தாத்தாதான் சார் அந்தப் பண்டாரம்” என்றான். என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகுதான் தேடினேன். சோழர் கல்வெட்டுகளில் ஸ்ரீபண்டாரம் என்றால் கோயில் கருவூலம். சைவ மடங்களில் பண்டாரம் என்பது துறவியைக் குறிக்கும். ஆதீனத் தலைவரைப் பண்டார சன்னிதி என்பார்கள். திருவாவடுதுறை ஆதீனத்தின் 14 நூல்களுக்குப் பண்டார சாத்திரம் என்றே பெயர். அப்புறம் பிச்சையெடுக்கும் ஆண்டிக்கும் அதே சொல் போனது. வசவு அங்கிருந்து வந்தது. தோட்டத்துக் கோயிலில் மட்டும் பூசை செய்பவர் என்ற பொருளில் மரியாதை குறையாமல் நிற்கிறது. இன்னொன்று: பள்ளிக் கழகங்களில் பணப்பொறுப்பு பார்க்கும் மாணவரை மலாயில் பெண்டஹாரி என்கிறோமே, அதுவும் இதே வடமொழி வேரில் வந்ததுதான். சொல்வளத்துக்கு மலாய்ப் பாடத்தில் சொல்லும் பெர்பெண்டஹாராஆன் காத்தாவும் அப்படியே.

ஐயர் என்பதும் ஒரு சாதிக்கே உரியதல்ல. கிறித்தவப் பாதிரியார் ஜி.யு. போப்பைத் தமிழர் போப்பையர் என்றுதானே அழைத்தார்கள்? சாமியார் வேறு வகை. கோயில் பூசை அவர் வேலையில்லை. போலிச் சாமியார் செய்திகளைப் படித்துப் படித்து அந்தச் சொல்லே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. நல்லவரைச் சொல்ல வேண்டுமானால் துறவி என்று எழுதுவதே பாதுகாப்பு.

வினைமுற்றையும் கவனியுங்கள். நம்ம பிள்ளைங்க குருக்கள் வந்தார் என்று எழுதும் அதே தாளில் பூசாரி வந்தான் என்று எழுதுகிறார்கள். இதை எந்தப் பட்டியலும் திருத்துவதில்லை. ஆகமக் கோயிலென்றால் குருக்கள், மாரியம்மன், முனியாண்டி கோயிலென்றால் பூசாரி. இருவருக்கும் ‘ஆர்’ விகுதிதான். உங்கள் தோட்டத்தில் பண்டாரம் என்பதே வழக்கமானால் கோயில் பண்டாரம் என்று சேர்த்து எழுதுங்கள். தாள் திருத்துபவருக்குக் குழப்பம் வராது. அந்தப் பையனுக்கு வெட்டிய புள்ளியைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.