சமையலறையில் யாரும் வசிப்பதில்லையா?

வீட்டில் அதிக நேரம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் சமையலறை என்று சொல்லிவிடுவோம். ஆனால் இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறையை 'வசிக்கும் அறை'யாகக் கருதுவதில்லை. படிக்க, உறங்க, உண்ணப் பயன்படுபவையே வசிக்கும் அறைகள். கூடமாகவும் பயன்பட்டால்தான் சமையலறைக்கு அந்தப் பட்டியலில் இடமுண்டு. குளியலறையும் துணி துவைக்கும் அறையும் பட்டியலுக்கு வெளியே. பெண்கள் வேலை செய்யும் இடங்கள், யாரும் வசிக்காத இடங்கள்!

2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, வீட்டில் ஒரே ஓர் அறை இருந்தால் அது குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும். தனியாகச் சாமான் அறை இருந்தால் 4.5. அங்கேயே சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் 7.5. சமைப்பவளுக்காக அறை பெரிதாவதில்லை. சாப்பிட உட்காருபவர்களுக்காகப் பெரிதாகிறது. வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் வேண்டும் என்று விதி சொல்வது நல்லதுதான். புகை வெளியேற வழி யோசித்தவர்கள், நிற்பவள் சற்று உட்கார இடம் யோசிக்கவில்லை.

அறையின் அளவு இப்படியென்றால், வீட்டு நெரிசலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஆராய ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012இல் அதை 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் என மதிப்பிட்டது. அதில் சுமார் 80 சதவீதம் நெரிசலால் வந்தது. நெரிசலுக்கு அளவுகோல், திருமணமான தம்பதிக்குத் தனி அறை இல்லாமை.

இடத்தைச் சதுர அடியால் மட்டும் அளக்காமல் அந்தரங்கத்தாலும் அளந்தது முன்னேற்றமே. ஆனால் யாருடைய அந்தரங்கம்? கணவனை இழந்த தாய், திருமணமாகாத இரண்டு மகள்கள், ஒரு பாட்டி என நால்வர் ஓர் அறையில் இருந்தால், அங்கே தம்பதி இல்லை. ஆகவே இந்தக் கணக்கில் நெரிசலும் இல்லை. உடை மாற்றவும், மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கவும், தேர்வுக்குப் படிக்கவும் அவர்களுக்கு ஒரு கதவு வேண்டாமா? தாலி ஏறினால்தான் பெண்ணுக்கு அறை தேவைப்படுமா? அப்படிக் கிடைக்கும் அறையும் தம்பதிக்கானது. அதன் தாழ்ப்பாள் அவள் கையில் இருக்கும் என்று எந்த விதியும் சொல்வதில்லை.

அரசு வீட்டுத் திட்டங்களில் பத்திரம் பெண் பெயரில் இருக்க வேண்டும் என்பதை நாம் வரவேற்கிறோம். அதோடு நிற்கக் கூடாது. சமையலறையை வசிக்கும் அறையாக ஏற்கச் சொல்வோம். நெரிசலைக் கணக்கிடும்போது தம்பதிகளை மட்டுமல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணையும் தனி ஆளாக எண்ணச் சொல்வோம். கணக்கில் வராதவளுக்கு யாரும் சுவர் எழுப்பித் தர மாட்டார்கள்.