ஆன் ரோடு வெயில்

கார் விற்பவர்களிடம் ஒரே காருக்கு இரண்டு விலை உண்டு. எக்ஸ் ஷோரூம் என்று ஒன்று, ஆன் ரோடு என்று ஒன்று. முதலாவது விளம்பரத்துக்கு. இரண்டாவது நமக்கு. விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால், பக்கத்தின் அடியில் அதன் அர்த்தம் பொடி எழுத்தில் கிடக்கும்.

இந்தப் பழக்கம் காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்து வெகு நாளாகிறது. வீட்டின் எக்ஸ் ஷோரூம் விலைக்குச் சதுர அடி ரேட் என்று பெயர். அதன் ஆன் ரோடு விலை, கிரகப்பிரவேசம் முடிந்து வரும் முதல் கத்திரி வெயிலில் தெரியவரும்.

திண்டிவனத்தில் ஒரு நண்பர் தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினார். மே மாதம் போன் செய்தார். "வீட்ல உக்கார முடியலை சார். ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுது. கரன்ட் போச்சுன்னா அவ்வளவுதான். பேசாம ஒரு காரை வாங்கி, ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு அதுலயே படுத்துரலாமான்னு பாக்கறேன்" என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம். மின்வெட்டு நேரத்தில் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்து, எழுந்திருக்கவே மாட்டோம் என்பதை மட்டும் முதலில் சொல்லி வைத்தேன்.

பிறகு அவர் இரண்டு கொட்டேஷன்களை அனுப்பினார். ஒன்று விழுப்புரத்தில் ஒரு கார் ஷோரூம் கொடுத்தது. மற்றது வீடு கட்டிய கான்ட்ராக்டருடையது. நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கெல்லாம் பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கில் காசு கொடுக்கிற இந்தக் காகிதங்களை யாரும் விமரிசனம் செய்வதில்லை. செய்து பார்க்கலாம்.

முதலில் கார். ஒரே பக்கம், விறுவிறுப்பான நடை. நாயகனாக எக்ஸ் ஷோரூம் விலை கொட்டை எழுத்தில் வருகிறது. அடுத்து சாலை வரி. இதில் டீலரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்ந்தது. 5 லட்சம் வரையான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் ஐந்து சதவீதம் குதிக்கிறது. கூடவே ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று பிடிப்பார்கள். இது நம் வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள வேண்டிய பணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்றாம் வரியில்தான் கதை சூடுபிடிக்கிறது. இன்ஷூரன்ஸ். 'எங்ககிட்டயே போட்டுடுங்க சார், அப்பதான் டெலிவரி சீக்கிரம்' என்பார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் காருக்கு அடிபட்டால் கிடைக்கிற காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. அதை எந்த கம்பெனியில் வாங்குவது என்பதும் நம் இஷ்டம். டீலர் தன்னிடமே போட வற்புறுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ம் வருடத்து விதிகள் சொல்கின்றன. வெளியில் ஒரு விலை கேட்டுக்கொண்டு வந்து காட்டிப் பாருங்கள். ஷோரூம் விலையே இறங்கி வரும்.

நான்காம் வரி: ஹேண்ட்லிங் சார்ஜ். யாரை யார் ஹேண்டில் செய்கிறார்கள்? காரை யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவந்த செலவாம். வெங்காயம் வாங்கினால் மண்டியிலிருந்து கடைக்கு வந்த வண்டி வாடகையைத் தனியாகக் கேட்கிறார்களா? வாங்கக் கூடாது என்று சில மாநிலப் போக்குவரத்துத் துறைகள் டீலர்களுக்கு உத்தரவே போட்டிருக்கின்றன. 'இது எந்தச் சட்டப்படி? எழுதிக் கொடுங்க' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் மேனேஜர் சிரித்துவிட்டு அடித்துவிடுவார்.

ஐந்தாம் வரி 'எசென்ஷியல் கிட்'. மிதியடி, மட்ஃபிளாப், ஒரு வாசனைப் பாட்டில். காரை ஓட்ட இவற்றில் எது அத்தியாவசியம் என்று தெரியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28, மேலே செஸ் வேறு. அரசாங்கம் விட்டுக்கொடுத்ததை வாசனைப் பாட்டிலில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இந்த இடத்தில் விழுப்புரத்துக்காரர்களுக்கு ஒரு யோசனை தவறாமல் வரும்: 'பாண்டில எடுத்துடு.' சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். வரி கம்மி. ஆனால் வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், இங்கத்து வரியும் கட்ட வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம். லாபம் என்று நினைத்தது அலைச்சலாக முடியும்.

கார் கொட்டேஷனிடம் ஒரு நேர்மை உண்டு. சார்ஜ் எதுவானாலும் எழுதியாவது வைக்கிறார்கள். வீட்டு கொட்டேஷன் அப்படியில்லை. அதில் வெயில் என்ற சொல்லே கிடையாது.

கம்பி எந்த பிராண்டு, சிமென்ட் எந்த கிரேடு, ஹாலில் எத்தனைக்கு எத்தனை டைல்ஸ், பூஜை அறைக் கதவில் எத்தனை மணி, எல்லாம் இருக்கிறது. மொட்டை மாடிக்கு மேல் என்ன போடுவார்கள் என்று தேடினேன். தட்டோடு 'எக்ஸ்ட்ரா' என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. நண்பர் அந்த எக்ஸ்ட்ராவை மிச்சம் பிடித்து, முகப்பில் கிரானைட் ஒட்டியிருக்கிறார்.

நம் ஊர்களில் கான்கிரீட் தளம் நான்கு, ஐந்து அங்குலம். மே மாதத்தில் காலை ஏழு மணியிலிருந்து அது வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கிறது. கான்கிரீட் சூட்டை உடனே கீழே விடாது. சில மணி நேரம் வைத்திருந்து மெதுவாக இறக்கும். மதியத்துச் சூடு நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். மின்விசிறியைப் போட்டால் தளத்துக்கு அடியில் நிற்கிற சூட்டைத்தான் நம் மேல் தள்ளும். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைக் குளிர்விக்கிறது. காற்றே உடம்பைவிடச் சூடாகிவிட்டால் அந்த உபகாரமும் குறைந்துவிடும்.

அப்புறம் ஏ.சி. வாங்குகிறோம். ஒரு டன் ஏ.சி. என்றால் ஒரு டன் ஐஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவை இழுக்கும் இயந்திரம். இதில் பாதி சக்தி, தட்டோடு போடாத தளத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது. இழுத்த சூட்டை எங்கே விடுகிறது? பக்கத்து வீட்டு ஜன்னலில். அவரும் ஒரு ஏ.சி. வாங்குகிறார்.

'அந்தக் காலத்தில் திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ், எவ்வளவு குளுமை' என்று ஆரம்பிப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. முற்றம் வைத்த வீடு ஊரில் எத்தனை பேரிடம் இருந்தது? மற்றவர்கள் கூரை வீட்டில் இருந்தார்கள். கோடையில் ஒரு குடிசையில் பிடித்த தீ தெருவையே எரித்துவிட்டுப் போன கதை தென்னாற்காட்டுக் கிராமத்துப் பெரியவர்களிடம் நிறைய உண்டு. கான்கிரீட் வந்தது நல்லதுதான்.

குற்றவாளி கான்கிரீட்டும் அல்ல. நம்பாதவர்கள் பாண்டிச்சேரி வரை போய் வரலாம். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டே என்ற விடுதி அங்கே இருக்கிறது. டோக்கியோவில் தொழில் செய்துவந்த அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடித்தார்கள். இந்தியாவின் ஆரம்பகால கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. ஏ.சி. கிடையாது. நீள வாக்கில் கிழக்கு மேற்காக நிறுத்தி, திறப்புகளை வடக்கிலும் தெற்கிலும் வைத்தார்கள். சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய பலகைகள். வெயிலை மறிக்கும், காற்றை விடும். தளத்துக்கு மேல் வளைந்த இன்னொரு கூரை, இரண்டுக்கும் நடுவில் காற்று. எண்பது வருடத்துக்கு முன்பே, இதே வெயிலில், இதே கான்கிரீட்டில் செய்து காட்டியாகிவிட்டது. நாற்பது கிலோமீட்டர் தாண்டி விழுப்புரத்துக்கு வருவதற்குள் அது சதுர அடி ரேட்டாகிவிட்டது.

இதுவரை சொன்னது காரும் ஏ.சி.யும் வாங்க முடிந்தவர்கள் கதை. இன்னொரு பக்கம் இருக்கிறது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற 2010-ல் ஒரு திட்டம் வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. 360 சதுர அடி வீடு, 3.5 லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு. தீப்பிடிக்காத வீடு, மழைக்கு ஒழுகாத வீடு. பெரிய விஷயம். ஆனால் அந்தத் தளத்துக்கும் மேலே அதே சூரியன்தான். பகலெல்லாம் செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் மரக்காணம் உப்பளத்திலும் காய்ந்துவிட்டு வருகிற உடம்பு, ராத்திரியாவது ஆற வேண்டும். ஆறாத உடம்பு மறுநாள் வெயிலில் சுருண்டு விழுகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்புதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவருக்கு வீடு 3.5 லட்சம், செத்தபின் 4 லட்சம். அந்த 360 சதுர அடித் தளத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். அந்தச் சில ஆயிரம் கொட்டேஷனிலேயே இருக்க வேண்டும், எக்ஸ்ட்ராவாக அல்ல.

நண்பருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மொட்டை மாடியைப் பெருக்கி, சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடியுங்கள். முடிந்தால் அடுத்த வருடம் தட்டோடு. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு பந்தலோ, பச்சை வலையோ, ஒரு வேப்ப மரமோ. ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபின் மறைத்து என்ன பிரயோஜனம்? சாயங்காலம் கடற்காற்று வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். இவ்வளவும் செய்தபின் ஏ.சி. வாங்கினால் அது 24 டிகிரியில் நிம்மதியாக ஓடும். 2020 முதல் புது ஏ.சி.கள் அந்த 24-ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி.

காருக்கு: ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதி, முத்திரை போட்டு வாங்குங்கள். டீலர் சென்னையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரத்திலேயே, வழக்குப் போடலாம். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். எசென்ஷியல் கிட்டில் இருக்கிற வாசனைப் பாட்டில் அதைவிட அதிகம்.

காரோ வீடோ, கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இந்தக் காகிதத்தில் எது இல்லை?' காரில் பதில் ஷோரூமிலேயே கிடைத்துவிடும். வீட்டில், நாம் கேட்காவிட்டால் வெயில் வந்து சொல்லும். வருடா வருடம், இருபத்தைந்து நாள் உட்கார்ந்து சொல்லும்.