வெள்ளைத் தாளில் விழுந்த காயம்

நவீன இந்திய ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பாகப்பிரிவினை சுலபமாக நடந்துவிடுகிறது: ஆன்மிகம் அருவ ஓவியத்துக்கு, சமூக அக்கறை உருவ ஓவியத்துக்கு. எஸ்.எச். ரஸாவின் ‘பிந்து’ முதல் பங்கு; சித்தப்பிரசாத்தின் பஞ்சச் சித்திரங்கள் இரண்டாம் பங்கு. இரண்டிலும் வரவும் உண்டு, செலவும் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிதுனாபூர் ஊர்களில் அலைந்து சித்தப்பிரசாத் இழுத்த கறுப்புக் கோடுகள் ஆட்சியைச் சுட்டன. அவருடைய ‘ஹங்ரி பெங்கால்’ நூல் பிரதிகளை ஆங்கிலேய அரசு கைப்பற்றி அழித்தது. அந்தக் கோடுகளின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எலும்பும் தோலுமான உடல் திரும்பத் திரும்ப வரும்போது பார்ப்பவரின் இரக்கம் மரத்துப்போகிறது. செய்தி பழசானதும் படமும் பழசாகிவிடும் ஆபத்து இந்த வகைக்கு எப்போதும் உண்டு.

ரஸாவின் வரவு வேறு. 1950இல் பாரிஸுக்குப் போனவர், சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ‘பிந்து’ என்னும் கருவட்டம், முக்கோணம், ராஜஸ்தானிச் சிற்றோவியங்களை நினைவூட்டும் தகிக்கும் நிறங்கள் ஆகியவற்றைக் கொண்டு இரவல் வாங்காத ஓர் அருவ மொழியைக் கட்டினார். நாளடைவில் அந்த மொழி உச்சாடனமாகச் சுருங்கியது. முதுமையில் காந்தியை முன்வைத்து அவர் வரைந்த படங்களிலும் காந்தியைச் சொல்வது பெரும்பாலும் தலைப்பும் எழுத்தும்தான். நிறம் தன்பாட்டில் இருக்கிறது. தியானத்தில் ஆழ்ந்த ஓவியனிடம் பசியின் கணக்கைக் கேட்பது நியாயமா என்று சிலர் மறுக்கலாம். நியாயமில்லைதான். ஆயினும் அந்தத் தியானத்தை வெளியுலகம் ஒருமுறையாவது இடறியதா என்று கேட்கலாம். அதற்கான தடயம் கித்தானில் இருக்கவேண்டும்.

அந்தத் தடயம் சோம்நாத் ஹோரிடம் கிடைக்கிறது. பஞ்சத்தையும் 1946இன் தேபாகா உழவர் போராட்டத்தையும் நேரில் கண்டு வரைந்தவர் அவர். 1970களின் ‘காயங்கள்’ வரிசையில் மனித உருவமே இல்லை. களிமண் தகட்டைக் கத்தியால் கீறிக் குத்தி, அதிலிருந்து அச்சு வார்த்து, காகிதக் கூழை அழுத்தி எடுத்த வெள்ளைத் தாள்கள் அவை. சிலவற்றில் மட்டும் கொஞ்சம் சிவப்பு கசிந்திருக்கிறது. ஊன்றிப் பார்த்தால் தோல் பிளந்த வடு புலப்படும். யாருடைய காயம் என்று சொல்லாததால் காயப்படுத்தியவன் தப்பிவிடுகிறான் என்ற ஆட்சேபம் சரியானதே. சித்தப்பிரசாத்தின் குற்றச்சாட்டு செய்த வேலையை இந்த மௌனம் செய்யாது. ஆனால் இரக்கம் மரத்துப்போன கண்ணை மறுபடி உணரவைக்க அதனால் முடிகிறது. ஹோரின் பஞ்சச் சித்திரங்களைச் சமூக யதார்த்தமென்றும் வெள்ளைத் தாள்களை அருவமென்றும் தனித்தனியே அடுக்கும் விமர்சனம் இதைத் தவறவிடுகிறது. இரண்டையும் ஒரே மனிதரின் நீண்ட விசாரணையாகப் படித்தால், பிறர் வலியை விட்டு விலகாத கவனமே அவருடைய ஆன்மிகம் என்பது விளங்கும்.