சேஸிங்கில் சராசரி நூறு: சூழல்சார் மட்டைப் புள்ளிவிவரங்களும் பந்தயமும்

ஒரு மட்டையாளரின் மொத்தச் சராசரியோடு நின்றுவிடாமல், எந்தச் சூழலில் அவர் எப்படி ஆடினார் என்று பிரித்துக் காட்டும் எண்களைச் சூழல்சார் புள்ளிவிவரங்கள் எனலாம். இலக்கை விரட்டும்போது சராசரி, பவர்பிளேயில் ஸ்ட்ரைக் ரேட், கடைசி நான்கு ஓவர்களில் ஸ்ட்ரைக் ரேட், இடக்கைச் சுழலுக்கு எதிராக, இன்ன பந்துவீச்சாளருக்கு எதிராக, இன்ன மைதானத்தில் என்று பட்டியல் நீளும். இந்தப் பழக்கம் வேர்விட்டு வளர்ந்தது அமெரிக்கப் பேஸ்பாலில். ஒரு நல்ல அடி விழுந்தால் ஓட்டம் வந்துவிடும் என்ற நிலையில், இரண்டாம் பேஸிலோ மூன்றாம் பேஸிலோ சக ஆட்டக்காரர் காத்து நிற்கும்போது ஒருவர் எப்படி அடிக்கிறார் என்பதை அங்கே தனிக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். இன்று நம் தொலைக்காட்சி வர்ணனையிலும், கைப்பேசிச் செயலிகளிலும், ஆட்டத்துக்கு முன் வரும் 'கணிப்பு' காணொளிகளிலும் இதே வகை எண்கள்தாம் நிரம்பி வழிகின்றன.

இந்த எண்களில் பெரும்பாலானவை சரியானவை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பிழை இருக்காது. நடந்து முடிந்ததை விவரிக்கும் எண்ணை, நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் எண்ணாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. பந்தயத் தொழில் நிற்பதும் அந்த இடத்தில்தான்.

தோனியின் 102.71

எல்லோருக்கும் தெரிந்த ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். மகேந்திர சிங் தோனியின் ஒருநாள் போட்டிச் சராசரி 50.57. இந்தியா இலக்கை வெற்றிகரமாக விரட்டிய ஆட்டங்களில் மட்டும் பார்த்தால் அவருடைய சராசரி 102.71. பெருமாள்மலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தேநீர்க் கடையில் ஒரு கல்லூரி மாணவன் இதை மந்திரம் போலச் சொல்லக் கேட்டேன். "சேஸிங்ல தோனி ஆவரேஜே நூறு, கண்ண மூடிக்கிட்டுக் காசு கட்டலாம்டா" என்றான். தோனி ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வேறு எவர் பெயரையோ நியாயப்படுத்த அந்த எண் அங்கே உதவிக்கு வந்தது.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். வெற்றிகரமான விரட்டல்களில் அவர் ஆடிய இன்னிங்ஸ் 75, எடுத்த ஓட்டங்கள் 2876, ஆட்டமிழக்காமல் நின்றது 47 முறை. ஆட்டமிழந்தது 28 முறைதான் என்பதால் 2876-ஐ 28-ஆல் வகுக்கிறோம், 102.71 கிடைக்கிறது. இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு இன்னிங்ஸுக்குச் சுமார் 38 ஓட்டங்கள். வெற்றி இலக்கை அடைந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவதால், பின்வரிசையில் இறங்குபவர் நாற்பது ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்புவது இயல்பு. அந்த நாற்பதும் தொகுதியில் சேரும், பகுதியில் ஒன்றும் சேராது.

இதைவிடப் பெரிய சிக்கல் 'வெற்றிகரமான' என்ற சொல்லில் இருக்கிறது. தோனி சீக்கிரம் ஆட்டமிழந்தால் இந்தியா தோற்கும் வாய்ப்பு கூடும். தோற்றுவிட்டால் அந்த இன்னிங்ஸ் இந்தக் கணக்கிலேயே வராது. அதாவது அவர் சரியாக ஆடாத நாட்களில் பல, தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன. தேர்ச்சி பெற்ற மாணவர்களின் விடைத்தாள்களை மட்டும் எடுத்து வகுப்புச் சராசரி போட்டால் எந்த ஆசிரியரும் நல்லாசிரியர்தான். பந்தயம் கட்டுகிறவர் ஆட்டத்துக்கு முன்பே காசைக் கட்ட வேண்டும். அது வெற்றிகரமான விரட்டலா, தோல்வியா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. முடிவு தெரிந்த பிறகு மட்டுமே கணக்கிடக்கூடிய எண், முடிவைக் கணிக்க எப்படி உதவும்? தோனியின் பெருமைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. நடந்ததைச் சொல்லும் எண்ணாக 102.71 அழகான எண்தான்.

சிறு கூறுகளின் ஏமாற்று

இரண்டாவது கோளாறு எண்ணிக்கை போதாமை. நம் மாவட்டத்து உதாரணமே இருக்கிறது. கொடைக்கானல் அமைந்துள்ள திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. 2016-இல் தொடங்கிய இந்தத் தொடரில் 2024-ஆம் ஆண்டுக் கோப்பையை அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் வென்றது. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் லீக் ஆட்டங்கள் ஏழு; இறுதிவரை போனால் இன்னும் இரண்டு மூன்று. ஒரு மட்டையாளர் ஆட்டத்துக்கு இருபது பந்துகள் சந்தித்தாலும் லீக் சுற்றில் 140 பந்துகள்தாம். அதைப் பவர்பிளே, நடு ஓவர், கடைசி ஓவர் என்று மூன்றாகப் பிரித்து, பிறகு வேகம், சுழல் என்று பிரித்து, சுழலில் இடக்கை, வலக்கை என்றும் பிரித்தால் ஒரு கட்டத்தில் பத்துப் பதினைந்து பந்துகள் மிஞ்சும். அந்தப் பதினைந்து பந்துகளில் ஒரு சிக்ஸர் கூடினாலோ குறைந்தாலோ ஸ்ட்ரைக் ரேட் நாற்பது புள்ளி மாறிவிடும்.

'இந்தப் பந்துவீச்சாளர் இவரை நான்கு முறை வீழ்த்தியிருக்கிறார்' என்ற வகை ஜோடிக் கணக்கு இன்னும் மோசம். இருபது பந்துக்கு ஒருமுறை ஆட்டமிழக்கும் மட்டையாளர்களை எடுத்துக்கொள்வோம். எந்தப் பந்துவீச்சாளரிடமும் அவர்களுக்குத் தனிப் பலவீனம் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் முப்பது பந்துகள் சந்தித்தால் சராசரியாக ஒன்றரை முறை ஆட்டமிழப்பார்கள். ஆனால் நான்கோ அதற்கு மேலோ ஆட்டமிழக்கும் நிகழ்தகவு சுமார் 6.5 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பாய்சான் பரவலை வைத்து இதைச் சரிபார்க்கலாம். இப்படி இருநூறு ஜோடிகள் இருந்தால், பலவீனம் எதுவுமே இல்லாமல் சுமார் பதின்மூன்று ஜோடிகளில் 'இவர் அவருக்கு எமன்' என்ற தலைப்புக் கிடைத்துவிடும். வர்ணனையாளர் அந்தப் பதின்மூன்றை மட்டும் நமக்குக் காட்டுவார். மீதி 187 ஜோடிகளைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை.

பேஸ்பால் ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தார்கள். ரிச்சர்ட் கிரேமர் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நெருக்கடியில் நன்றாக அடிப்பவர்கள் என்று தனி இனம் உண்டா என்று கேட்டார். 1969-இல் நெருக்கடி நேரத்தில் மின்னியவர்கள் 1970-இலும் மின்னினார்களா என்று ஒப்பிட்டார். தொடர்பு ஏதும் தெரியவில்லை. அதே 1977-இல் பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற புள்ளியியலாளர்கள் எழுதிய கட்டுரை இன்னும் சுவையானது. 1970 பருவத்தில் 18 ஆட்டக்காரர்களின் முதல் 45 வாய்ப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ராபர்டோ கிளெமென்டே 45-இல் 18 அடித்திருந்தார், அதாவது .400. மீதிப் பருவத்தில் அவருடைய சராசரி .346. பட்டியலின் கடைசியில் இருந்தவர் .156-இலிருந்து .200-க்கு ஏறினார். ஒவ்வொருவரின் எண்ணையும் பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துச் சுருக்கிக் கணித்தபோது, மொத்தப் பிழை (வர்க்கக் கூடுதலாகப் பார்த்தால்) மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஒருவரைப் பற்றிக் கணிக்க மற்றப் பதினேழு பேரும் உதவுகிறார்கள் என்பது முதலில் கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும்.

இங்கே எதிர்வாதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பேஸ்பால் புள்ளியியலின் முன்னோடியான பில் ஜேம்ஸ் 2004-இல் எழுதிய கட்டுரையில், தரவில் தென்படவில்லை என்பதாலேயே ஒரு திறமை இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று வாதிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உவமை மூடுபனி. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் மாலையில் ஏரிக்கரையில் நின்றால் ஏரி தெரியாது. அதனால் ஏரி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த வாதம் ஏற்புடையதே. நெருக்கடியில் பதறாத மனிதர்கள் இருக்கலாம். ஆனால் பனிக்குள் ஏரி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது வேறு, பனிக்குள் எந்தப் படகு முந்துகிறது என்று பணம் கட்டுவது வேறு.

எவ்வளவு தரவு இருந்தால் போதும்? இதே ஊரில் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் பல தலைமுறைகளாகக் கரும்புள்ளிகளை எண்ணி வருகிறார்கள். இருபத்து நான்கு சுழற்சிகள் முழுதாகப் பதிவாகியிருக்கின்றன. அப்படியிருந்தும் இருபத்தைந்தாவது சுழற்சியின் உச்சம் 115 அளவில் இருக்கும் என்று 2019-இல் வல்லுநர் குழு கணித்தது. 2024-இல் அது சுமார் 160-ஐத் தொட்டது. சூரியனுக்கு ஃபார்ம் போவதில்லை, முழங்கால் வலிப்பதில்லை.

பயிற்சியாளருக்கு உதவுவது பந்தயக்காரருக்கு ஏன் உதவாது

அப்படியானால் இந்த எண்கள் வீணா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. அணியின் ஆய்வாளர் இவற்றை வலைப்பயிற்சியில் கண்ட கால்நகர்வோடும் மட்டை வரும் கோணத்தோடும் சேர்த்துப் பார்க்கிறார். காரணம் தெரிந்த பலவீனத்துக்குப் பதினைந்து பந்துச் சான்றும் துணை நிற்கும். தவிர, ஒரு பருவத்தில் அவர் நூற்றுக்கணக்கான சிறு முடிவுகள் எடுக்கிறார். நூற்றில் இரண்டு கூடுதலாகச் சரியாக அமைந்தாலும் அணிக்கு லாபம்.

பந்தயக்காரருக்கு அந்த இரண்டு போதாது. அமெரிக்காவில் வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டும். நட்டமில்லாமல் இருக்கவே 52.4 விழுக்காடு சரியாகச் சொல்ல வேண்டும். கற்பனை அணி விளையாட்டுகளில் நடத்துபவர் தன் பங்கை முதலிலேயே எடுத்துவிடுவார். கட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தால் எப்போதும் நட்டம். மேலும் தொலைக்காட்சியில் வந்த எண் எதிராளிக்கும் தெரியும், விலை நிர்ணயிப்பவருக்கும் தெரியும்.

சட்டத்திலும் இந்த எண்கள் ஒரு வேலை செய்திருக்கின்றன. சென்னை குதிரைப் பந்தய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. அந்த வழியில் 2017-இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம்11 ஆட்டத்தையும் திறமை ஆட்டம் என்றது. வீரர்களின் கடந்தகாலச் செயல்பாட்டை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது திறமை என்பது வாதம். ஆராய்வதில் உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆராயப்படும் எண்ணில் பெரும்பகுதி தற்செயலாக இருந்தால் அந்த உழைப்பு எதைப் பிடிக்கும் என்ற கேள்வியை இந்த வாதம் தாண்டிப்போகிறது. தமிழ்நாட்டில் கடன்பட்டு உயிர்விட்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு, 2022-இல் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது; மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்து சட்டம் இயற்றியதும், ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது.

தடைக்குப் பிறகும் வெளிநாட்டுத் தளங்களும், 'நிச்சயக் கணிப்பு' விற்கும் கைப்பேசிக் குழுக்களும் இருக்கின்றன. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு வயலில் வாங்கிய கூலி ஒரு மாலையில் கரைந்துபோக அது போதும். அந்தக் குழுக்களின் வித்தை பழையது. 64 பேரில் பாதிப்பேருக்கு ஓர் அணி வெல்லும் என்றும் மீதிப்பேருக்கு மற்ற அணி என்றும் சொல்ல வேண்டும். தவறாகப் போன பாதியை விட்டுவிட்டு மிஞ்சியவர்களிடம் மறுபடி அதையே செய்ய வேண்டும். ஆறாவது ஆட்டம் முடியும்போது, ஆறும் பலித்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் மிஞ்சுவார். அவரிடம்தான் ஏழாவது கணிப்புக்குப் பணம் கேட்கப்படும். தோற்றவை தாமாக விழுந்துவிடும் அதே 102.71 கணக்குதான் இதுவும்.

மாணவர்கள் இதைத் தாங்களே சோதிக்கலாம். விருப்பமான மட்டையாளர் ஒருவரின் ஏதேனும் ஒரு சூழல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆட்டங்களைத் தேதி வரிசையில் எழுதி, ஒற்றைப்படை ஆட்டங்களுக்குத் தனியாகவும் இரட்டைப்படை ஆட்டங்களுக்குத் தனியாகவும் அந்த எண்ணைக் கணக்கிடுங்கள். இருபது வீரர்களுக்கு இப்படிச் செய்து, முதல் எண்ணைக் கிடையச்சிலும் இரண்டாவதைச் செங்குத்தச்சிலும் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி விழுகின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதை வரைபடத்தாளே காட்டிவிடும்.